கனவில் ஒரு குழந்தை, வாசலில் அம்மா

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து 27 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டத்தின் பெயரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருப்பதால், கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அம்மாவுக்கு 49 வயது. இன்னும் கொழுந்து பறிக்கிறார். தம்பி உயர்தரம் படிக்கிறான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா ஒன்பது மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். அதற்கு இரண்டு மாதம் கழித்து இவருடைய சபைக்கு ஒரு வெளிநாட்டுக் குழு வந்து, மணிலா நகரத்துச் சேரிகளைப் பற்றிய காணொளியைக் காட்டியிருக்கிறது. அன்றிரவு ஒரு கனவு. குப்பை மேட்டின் மேல் நின்ற குழந்தை இவரை "அக்கா" என்று கூப்பிட்டது. மறுவாரம் சபையில் ஒருவர், "யோனாவைப் போல ஓடாதே" என்று தீர்க்கதரிசனம் உரைத்தார். குழுவினர் இவரை அழைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். பயிற்சிக்கும் பயணத்துக்கும் ஆறு இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும், சுற்றுலா விசாவில் வந்தால் போதும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அரசாங்க ஆசிரியர் வேலையை இராஜினாமா செய்து, நகையை அடகு வைத்து, மீதிக்கு அடுத்த வருடம் அம்மாவுக்குக் கிடைக்கும் சேமலாப நிதியை, அதாவது ஓய்வுகாலச் சேமிப்பை, கேட்கலாம் என்று நினைக்கிறார். அம்மா அழுகிறார், விடமாட்டேன் என்கிறார். "இந்தக் கண்ணீர் சத்துருவின் தடையா? போகாவிட்டால் தேவனுக்குக் கீழ்ப்படியாதவள் ஆவேனா? எங்கள் மக்களில் இதுவரை யாரும் இப்படிப் போனதில்லை; நான் முதலாவது ஆளாக இருக்கக் கூடாதா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நான் உளவளத்துணையாளர், போதகர் இல்லை. உங்களுக்கு வந்தது அழைப்புதானா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அதை "வெறும் மனப்பிரமை" என்று ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன். ஏழைகளோடு வாழப் போகும் ஆசை ஒருவருக்கு வருவதே அபூர்வம். அது வந்த பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றித்தான் என்னால் பேச முடியும்.

"உடனே" என்ற சொல்

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். பவுலுக்கு இரவில் தரிசனம் வந்தது, மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் வந்து உதவும்படி வேண்டிக்கொண்டான், உடனே புறப்பட்டார்கள். அதில் "உடனே" என்ற சொல்லின் கீழ் நீங்கள் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். அதே வசனத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. தரிசனம் கண்டது பவுல் ஒருவர். கர்த்தர் அழைத்தார் என்று நிச்சயித்துக்கொண்டவர்களோ "நாங்கள்". கூட இருந்தவர்கள் அதைக் கேட்டு, பேசி, சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தின் பதினோரு பக்கத்திலும் அந்த "நாங்கள்" எங்கே என்று தேடினேன். காணொளி காட்டியவர்கள் சில நாட்கள் தங்கிவிட்டுப் போய்விட்டார்கள். தீர்க்கதரிசனம் சொன்னவர் உங்கள் வீட்டுப் படியேறியதில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். உங்களைச் சிறு வயதிலிருந்து அறிந்த ஒருவர்கூட இந்த முடிவில் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். பவுலின் தரிசனத்தில் கூப்பிட்டது ஓர் ஆண். பிலிப்பி பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆற்றங்கரையில் கூடியிருந்தவர்கள் பெண்கள். கனவு திசையைக் காட்டியது. ஆட்களையும் இடத்தையும் போன பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். உங்கள் கனவிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. மணிலாக் குழந்தை உங்களை "அக்கா" என்று தமிழில் கூப்பிட்டிருக்கிறது. அங்கே டகாலொக் மொழியில் அக்காவை "ஆத்தே" என்பார்கள். கனவுக்குப் பலன் சொல்லும் வேலையை நான் செய்வதில்லை. ஆனால் அந்தக் குழந்தை எந்த ஊர்க் குழந்தை என்பதில் அவ்வளவு உறுதியாக இருக்காதீர்கள்.

யோனாவைப் பற்றிய மிரட்டலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேவன் போகச் சொன்ன திசைக்கு எதிராகக் கப்பல் ஏறியவர் அவர். நீங்கள் எங்கும் ஓடவில்லை. உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதி விசாரிக்கிறீர்கள். அதோடு, யோனா கைக்காசைக் கொடுத்து ஏறியது தப்பி ஓடிய கப்பலில்தான். ஆறு இலட்சத்தைப் பற்றிப் பேசும்போது அது எனக்கு ஞாபகம் வந்தது.

காத்திருந்தால் அழைப்பு அணைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். அன்னை தெரேசா உங்களைப் போலவே ஆசிரியை. கல்கத்தாவில் பல ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கற்பித்தவர். 1946 செப்டம்பர் 10ஆம் தேதி டார்ஜிலிங்குக்கு ரயிலில் போகும் வழியில், அதுவும் தேயிலை மலைதான், ஏழைகளிலும் ஏழைகளிடம் போகும்படி தமக்கு அழைப்பு வந்ததாக அவர் சொன்னார். மடத்தை விட்டு வெளியேறியது 1948 ஆகஸ்டில். இடையில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் பேராயரின் அனுமதிக்கும் ரோமாபுரியின் அனுமதிக்கும் காத்திருந்தார். அனுமதி கிடைத்த பிறகும் நேரே சேரிக்குப் போகவில்லை. முதலில் பாட்னாவுக்குப் போய் நோயாளிகளைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டார். அதன் பிறகே கல்கத்தாவின் மோத்திஜீல் சேரியில் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 18 வயதில் வீட்டை விட்டுப் போன அவர், தம் தாயை மறுபடி பார்க்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழைப்புக்கு விலை இருக்கிறது. இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

நீங்கள் முதலாவது ஆள் இல்லை

இதைத் திருத்தத்தான் வேண்டும்; கோபித்துக்கொள்ளாதீர்கள். மலையகத்துத் தோட்டங்களுக்கென்று 1854இல் ஒரு தமிழ் மிஷன் தொடங்கியது. அதில் லயம் லயமாக, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கெல்லாம், நடந்து போய்ப் பிரசங்கித்தவர்களும் பள்ளிக்கூடம் நடத்தியவர்களும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் இல்லை. திருநெல்வேலியிலிருந்து கடல் தாண்டி வந்த தமிழ் உபதேசியார்கள். அட்டைக்கடியும் குளிரும் அவர்களுக்குப் புதிது. துரைமார் பங்களாவில் அவர்களுக்கு நாற்காலி போடப்பட்டிருக்காது. வெளிநாட்டு ஏழைகளிடம் அப்போதே போன தமிழ் மிஷனரிகள் அவர்கள். அவர்கள் தேடி வந்த ஏழைகள் நம் பாட்டன்மார்.

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் சுவையானது. 1902இல் அங்கே போன திருநெல்வேலிக்காரரான கிறிஸ்தவ ஊழியர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடலுக்கு அக்கரைக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்து வெட்கப்பட்டார்; மறு வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. அதே அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளின் முகத்துக்கு நேரே ஒன்று சொன்னார்: பொருளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.

ஏழைகளிடம் போகிற எவரும் அதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். உங்கள் தோட்டத்துக்கும் வெளியார் வந்து லயத்தையும் மூக்கொழுகும் பிள்ளைகளையும் படம் பிடித்திருப்பார்கள். உங்கள் வீட்டு வாசலில் அந்தக் கேமரா நின்றபோது உங்களுக்கு எப்படி இருந்தது? மணிலாப் பிள்ளைகளின் காணொளியை மறுபடி பார்க்கும்போது அந்த ஞாபகத்தோடு பாருங்கள். லயத்தில் பிறந்தவள் என்பதுதான் இந்த ஊழியத்துக்கு நீங்கள் கொண்டுபோகக்கூடிய பெரிய தகுதி. உங்களை அழைக்கும் குழுவுக்கு அது தெரிந்திருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்.

கையெழுத்து வைக்கும் முன்

நம் மூதாதையர் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பிக் கப்பல் ஏறினார்கள். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடக்கும் என்று கேட்டு வந்தவர்களுக்கு, வந்து இறங்கும்போதே கடன் இருந்தது. அந்தக் கடனை எழுதிய துண்டு முறை 1921 வரை அவர்களைக் கட்டிப்போட்டது. அப்படிப்பட்டவர்களின் பேத்தி, "மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சைக் கேட்டால் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

*விசா.* பிலிப்பைன்ஸில் சமயப் பணியாளர்களுக்கு 9(ஜி) என்ற பிரிவில் முறையான விசா இருக்கிறது. அதற்கு அந்நாட்டில் பதிவுபெற்ற அமைப்பு உங்களுக்காக முன்னின்று விண்ணப்பிக்க வேண்டும். உண்மையான அமைப்புக்கு இது கடினமில்லை. சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்தால் நாட்டை விட்டு வெளியேற்றப்படலாம். நோய் வந்தாலோ யாராவது உங்களிடம் தவறாக நடந்துகொண்டாலோ முறையிடப் போகவே பயப்படுவீர்கள். தாய்லாந்துக்கென்று சுற்றுலா விசாவில் போன இலங்கை இளைஞர்கள், மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். உங்களை அழைத்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்லவர்களும் கெட்டவர்களும் ஒரே சொற்களைப் பயன்படுத்தும்போது, காகிதம்தான் வித்தியாசம் காட்டும்.

*பணம்.* ஆறு இலட்சம் எதற்கு என்று கணக்கு எழுத்தில் வேண்டும். அமைப்பின் பதிவு, மணிலாவில் அவர்களோடு வேலை செய்யும் உள்ளூர்ச் சபையின் பெயர், இதற்கு முன் போய்த் திரும்பிய இரண்டு பெண்களோடு நேரில் பேசும் வசதி, மருத்துவக் காப்புறுதி, திரும்பி வரும் டிக்கெட் ஆகியவற்றைக் கேளுங்கள். கடவுச்சீட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். "விசுவாசம் குறைந்ததால் கேட்கிறாய்" என்று பதில் வந்தால், அங்கேயே நின்றுவிடுங்கள்.

*வேலை.* இராஜினாமா செய்யாதீர்கள். சம்பளமற்ற விடுமுறைக்கு உங்கள் தகுதி என்ன, கட்டாய சேவைக் காலம் மீதமிருக்கிறதா என்று நியமனக் கடிதத்தோடு வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். அனுமதி இல்லாமல் போனால் பதவியை வறிதாக்கியதாக, அதாவது நீங்களே விட்டுப் போனதாக, கடிதம் வரும். திரும்பி வரும் கதவு மூடிவிடும்.

*அம்மாவின் சேமலாப நிதி.* இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன். பெண்கள் 50 வயதில் அதைப் பெற முடியும் என்பது சரி. ஆனால் அது என்ன பணம்? அவர் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் சேர்த்து, அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்ட நாட்களிலும் மழையில் நனைந்த நாட்களிலும் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த பணம். லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. அவருடைய முதுமைக்கு இருக்கிற ஒரே சொத்து இதுதான். மாற்கு 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களிடம் இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று வாசித்துப் பாருங்கள். உங்களை அனுப்ப வேண்டியது சபை. சபை காசு போடத் தயாராக இல்லையென்றால், சபை இன்னும் நிச்சயிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நீங்கள் ஒரே வரியில் எழுதிய விஷயம்

ஏழாம் பக்கத்தின் கடைசியில், வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, "அப்பா சாகும்போது நான் கொழும்பில் உபவாச முகாமில் இருந்தேன், வந்து சேரும்போது பெட்டியில் வைத்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே விசாவுக்குப் போய்விட்டீர்கள். இன்னொரு பக்கத்தில், அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்து தோட்டத்து மயானத்துக்குப் போகிறார், "நான் போவதில்லை, அங்கே போய் என்ன ஆகப்போகிறது" என்கிறீர்கள்.

இதைத்தான் நான் பல தடவை திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒருவரைத் தவறவிட்ட மனம், இனி யாரையும் தவறவிடக் கூடாது என்று ஓடும். கூப்பிட்ட குரலுக்கெல்லாம் எழுந்து போகும். ஒரு பக்கம் அது அன்பு. இன்னொரு பக்கம் அது அழாமல் இருப்பதற்கான ஒரு வழி. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். துக்கத்தின் வழியாக அழைப்பு வரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அழாத துக்கத்தோடு போகிறவர்கள் சேரியில் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பதில்லை. அங்கே வாரம் ஒரு சாவு நடக்கலாம். ஒவ்வொன்றும் அப்பாவின் சாவாகவே இருக்கும். சாவு நடந்து ஒரு வருடத்துக்குள் வேலையை விடுவது, ஊரை விடுவது போன்ற பெரிய முடிவு வேண்டாம் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அம்மாவின் கண்ணீரைச் சத்துருவின் தடை என்று எழுதியது எனக்கு வலித்தது. ஒன்பது மாதத்துக்குள் புருஷனைக் கொடுத்துவிட்டு மகளையும் கொடுக்கச் சொன்னால் எந்தப் பெண்ணும் அழுவாள். அவர் உங்கள் ஊழியத்தை எதிர்த்ததாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. "இப்போது போகாதே" என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த "இப்போது" என்ற சொல்லை நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள்.

ஆகட்டும், என்ன செய்யலாம்?

மணிலாவின் குப்பை மேடுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கே பயாத்தாஸ் என்ற இடத்தில் 2000 ஜூலை 10ஆம் தேதி குப்பை மலை சரிந்து இருநூறுக்கும் அதிகமானோர் புதைந்தார்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து நம் லயங்களை மூடியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மேடு வீடுகளின் மேல் விழுந்தது. சரிவில் குடியிருக்கிறவர்கள் எங்கேயும் ஏழைகள்தாம். சிங்களத்தில் தேயிலைத் தோட்டமும் "வத்த"தான், கொழும்பின் நெருக்கமான சேரிக் குடியிருப்பும் "வத்த"தான் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியமான விஷயம். மலையகத்திலிருந்து கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போன நம் பிள்ளைகள் பலர் ஒரு வத்தையிலிருந்து இன்னொரு வத்தைக்குத்தான் போயிருக்கிறார்கள்.

ஆகவே, பாடசாலை விடுமுறையில் நான்கு வாரம் கொழும்பில் அப்படியொரு குடியிருப்பில், ஏற்கெனவே அங்கே பல வருடமாக வேலை செய்யும் ஒரு சபையோடு தங்கிப் பாருங்கள். பேச வேண்டாம், கேமராவும் வேண்டாம். தண்ணீர்க் குழாய் வரிசையில் நில்லுங்கள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள், சிங்களம் பழகுங்கள். நான்கு வாரத்தில் சலித்துப்போனால் மணிலாவிலும் சலிக்கும்; ஆறு இலட்சம் மிச்சம். சலிக்காவிட்டால் உங்கள் போதகரையும் சபை மூப்பர் இருவரையும் உட்காரவைத்துப் பேசத் தொடங்குங்கள். தம்பியின் பரீட்சை முடியட்டும். டகாலொக் படிக்கத் தொடங்கலாம். அதற்கு விசா தேவையில்லை. அடுத்த வருடக் கடைசியில், சரியான விசாவோடும் விடுமுறை அனுமதியோடும் சபையின் பணத்தோடும் நீங்கள் மணிலாவுக்குப் போனால், வழியனுப்ப வருகிறவர்களில் நானும் ஒருத்தி.

இது எதையும் இன்றைக்கே அம்மாவிடம் விளக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மா மயானத்துக்குப் புறப்படும்போது நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போங்கள். அங்கே ஜெபம் பண்ண வார்த்தை வராவிட்டால் சும்மா நில்லுங்கள். திரும்பி வரும் வழியில் அம்மாவிடம் மணிலாவைப் பற்றிப் பேசாதீர்கள். நீங்கள் இல்லாத அந்தக் கடைசி இரவில் அப்பா என்னென்ன சொன்னார் என்று கேளுங்கள்.